சங்கப் பாட்டில் அப்பாவுக்குப் பேச்சில்லை

என் கண்ணுக்கு அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அவருக்கு வாய் மட்டும்தான் கொஞ்ச நாளாக அடைத்திருந்தது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்ற நினைப்பில் மேலே எழுதுகிறேன்.

போன வாரம் நீ போனில், உப்பு லாரி வைத்திருப்பவரைத்தான் கட்டிக்கொள்வேன், சம்மதிக்காவிட்டால் நாங்களே பதிவு பண்ணிக்கொள்கிறோம் என்று பட்டென்று சொல்லி வைத்துவிட்டாய். அன்றிலிருந்து உன் அப்பா உம்மணாமூஞ்சி. இவ்வளவு படிக்க வச்ச பொண்ணை உப்பு விக்கிறவனுக்கா கொடுக்கிறது என்று ஒரு தடவை கத்தினார், அதோடு சரி. கூத்து என்னவென்றால், இப்போது அவர் எழுதுவதே பழந்தமிழர் வாழ்க்கையைப் பற்றிய பள்ளிப் பாடநூல். வழக்கம்போல அவர் நடந்துகொண்டே சொல்ல நான் கம்ப்யூட்டரில் அடிக்கிறேன். உப்பு வணிகர் பாடம் வந்தது. பெண்டாட்டி பிள்ளைகளோடு வண்டி கட்டிக்கொண்டு மேடு பள்ளம் தாண்டிப் போய், உப்பைக் கொடுத்து நெல் வாங்கிய உழைப்பாளிகள், சங்கப் பாட்டிலேயே இடம் பிடித்தவர்கள் என்று உருகி உருகிச் சொன்னார். நான் கையை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். என்ன பார்வை, அடி என்றார். அடித்தேன்.

அடுத்தது காதல் பாட்டுப் பாடம். வீட்டுக்குத் தெரியாமல் காதலனோடு கிளம்பிவிடும் பெண், தேடிப் போகும் செவிலித்தாய், எதிரே வருகிறவர்கள் அவளுக்குச் சொல்லும் ஆறுதல், எல்லாம் இவருக்குத் தலைகீழ்ப் பாடம். அப்படிப்பட்ட மனிதர், இந்த மாதிரிப் போவதை எந்தப் புலவரும் ஏற்கவில்லை என்று அடி என்றாரே பார்க்கலாம்! எனக்கு வந்ததே கோபம். பாட்டுல இல்லாததை நான் அடிக்க மாட்டேன், வேணும்னா நீங்களே உட்கார்ந்து அடிச்சுக்கோங்க என்று எழுந்துவிட்டேன். அவருக்கோ எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஜன்னல் பக்கம் போனார். பிறகு, அம்மா பேசுறா, தோழி பேசுறா, வழியில போறவன்கூடப் பேசுறான், அப்பனுக்கு மட்டும் இந்தப் பாட்டுல பேச்சே இல்லையே, ஏன் என்று கேட்டார். பேச விட்டா அழுதுடுவாரு, அதான் என்றேன். சும்மா நக்கலுக்குத்தான் சொன்னேன் கண்ணு. அவர் நிஜமாகவே அழுதுவிட்டார். துண்டை எடுத்து நீட்டும்போதுதான் எனக்குப் புரிந்தது. அவரை உறுத்தியது உப்பும் இல்லை, லாரியும் இல்லை. அவரை ஒரு வார்த்தை கேட்காமல் நீயே முடிவு பண்ணிவிட்டாயே, அதுதான். அதைச் சொல்லத் தெரியாமல் உப்பின் மேல் பழி போட்டிருக்கிறார். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பாடத்தை உள்ளது உள்ளபடி சொல்லி முடித்தார்.

உன்னவரை லாரியை மெதுவாக ஓட்டச் சொல். இங்கே வரும்போது அப்பா கேள்விமேல் கேள்வி கேட்பார், வாத்தியார் புத்தி எங்கே போகும், பொறுமையாகப் பதில் சொல்லச் சொல். நீயும் வெடுக்கென்று போனை வைக்கிற பழக்கத்தை விடு. இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நீடூழி வாழ வேண்டும்.

முடித்து மடிக்கப் போனேன், அப்பா பின்னால் வந்து நின்று நான் சொல்றதையும் எழுது என்கிறார். அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். யாரும் துரத்தலைம்மா, எதுக்கு ஓடணும்? அவரையும் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வா. கல்யாணத்தை நான் முன்னால நின்னு நடத்தி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா, அப்பா