கான்கிரீட்டுக்குத் தசரா தெரியாது

சார், நல்லா இருக்கீங்களா? அங்கயும் யாராச்சும் பக்கத்துல நின்னுக்கிட்டு எப்ப முடியும், எப்ப முடியும்னு கேக்கறாங்களா? இல்ல, இப்பவாச்சும் ஒரு காப்பிய நிம்மதியா குடிக்க விடறாங்களா?

நான்தானுங்க, கொள்ளேகால் பக்கத்து மார்டள்ளி சென்ட்ரிங் மேஸ்திரி. எனக்கு எழுதத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும், அதனால போன்ல பேசிப் பதிஞ்சு வெக்கறேன். நீங்க தவறிப் போயிட்டீங்கன்னு உங்க வீட்டம்மா போன மழைக்காலத்துல சொன்னாங்க. அன்னிக்கு சரிங்கம்மான்னு மட்டும் சொல்லி போன வெச்சுட்டேன். இன்னிக்கு உக்காந்திருக்கற எடம் பேச வெக்குது.

நாம கட்டுன மைசூர் ஆஸ்பத்திரிதானுங்க. ஆப்பரேசன் ரூமுக்கு வெளிய பெஞ்சுல இருக்கேன். உள்ள எங்க வீட்டுக்காரி மேரி. வயித்துல கட்டிங்க. காலைல உள்ள கூட்டிட்டுப் போனாங்க. ஜன்னல் வழியா கரி ஆயில் வாசம் வருது. பின்னாடி இன்னொரு கட்டடம் எழுப்பறாங்க, கான்கிரீட் ஒட்டாம இருக்கப் பலகைக்குப் பூசிக்கிட்டு இருப்பாங்க போல. அந்த வாசம் வந்தாலே எனக்கு உங்க நெனப்புதான். சலவை பண்ணுன வெள்ளச் சட்டையோட ஆயில் பலகை மேல உக்காந்துட்டு, பொழுதோட வீட்டுல போயி திட்டு வாங்கற இன்சினியர் நீங்க ஒருத்தர்தானே.

எங்க ஆளுங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டுங்க. பூச போட்ட எடத்துல ஆகாதுங்கற சொல்ல வாயில எடுக்க மாட்டோம். யாரு கேட்டாலும் ஆயிருங்கதான். நான் சூப்பர்வைசர்கிட்ட ஆயிரும்பேன், அவரு ஆபீசுல ஆயிரும்பாரு, ஆபீசு மேல ஆயிரும்னு சொல்லும், மேல இருக்கறவங்க தசராவுக்குள்ள தெறப்பு விழான்னு பேப்பர்ல போட்டுருவாங்க. மைசூர்ல வேற தேதி ஏதுங்க? ரோடா இருந்தாலும் தசரா, சாக்கடையா இருந்தாலும் தசரா.

நீங்க எப்ப முடியும்னே கேக்கல. "இதே மாதிரி வேலை முன்னாடி செஞ்சிருப்பீங்களே மேஸ்திரி, அது எப்படிப் போச்சு?"ன்னீங்க. கதை கேட்டா நான் விடுவனா? காலேஜ் ஹாஸ்டல் கட்டுன கதைய எடுத்தேன். கம்பி லேட்டா வந்துச்சு, வந்ததும் வேற சைசு, அத மாத்தறதுக்குள்ள மழை புடிச்சுக்கிச்சு, மழை விட்டா எங்க ஊர்த் தேர்த்திருவிழா. மொத்த ஆளும் மூட்டையக் கட்டிக்கிட்டு கொள்ளேகால் பஸ் ஏறிட்டோம். ஊரு பேச்சு வந்ததும் எங்க சித்தப்பன் மாடு கெணத்துல விழுந்த கதையும் நடுவுல வந்துருச்சு. வேற யாரா இருந்தாலும், யோவ் ஹாஸ்டலுக்கு வாய்யான்னிருப்பாங்க. நீங்க மாட்ட எப்படி மேல ஏத்துனீங்கன்னு கேட்டீங்க. அது பொழச்சுக்கிச்சுன்னு தெரிஞ்சப்புறம்தான் ஹாஸ்டலுக்கே திரும்புனீங்க.

ஹாஸ்டலு சொன்ன தேதிக்கு மேல ஆறு மாசம் இழுத்துருச்சுன்னேன். எல்லாங் கேட்டுட்டு, இங்கயும் அவ்வளவு ஆகும்னீங்க. இல்லைங்க சார், இந்தத் தடவை வேற, கம்பி முன்னாடியே வந்து எறங்கிருச்சுன்னேன். சிரிச்சீங்க.

"ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை வேறதான் மேஸ்திரி."

அதையே கொண்டுபோயி மீட்டிங்லயும் சொல்லிட்டீங்க. இந்தத் தசராவுக்கு ஆகாது, ஈஸ்டர் தாண்டும், அவசரப்பட்டா செலவுதான் ஏறும்னு. நல்ல காரியத்துல கருநாக்கு வெக்கறயான்னு ஆபீசுப் பெரியவரு கத்துனாராம், வாசல்ல நின்ன வாட்ச்மேன் சொன்னான். அந்த வாரமே உங்கள பெல்லாரிப் பக்கம் மாத்திட்டாங்க. போற அன்னிக்கு மாடி ஏறி வந்தீங்க. அப்பத்தான் தளம் போட்டிருந்தோம். தளத்தத் தாங்கிக் கீழ நின்ன முட்டுக் கம்ப ஒண்ணொண்ணா தட்டிப் பாத்துக்கிட்டே சொன்னீங்க.

"தேதி அவங்களோடது. முட்டு உங்களோடது. யாரு வந்து நின்னாலும் நாள் ஆகாம கழட்டாதீங்க. கான்கிரீட்டுக்குத் தசரா தெரியாது."

அடுத்து வந்தவரு ஆயிரும்னுட்டாரு. பைப்பு போறதுக்கு முன்னாடியே செவுத்துல டைல்ஸ் ஒட்டச் சொன்னாரு, அப்புறம் அவரே ஒடைக்கச் சொன்னாரு. பெரிய மெசினு ஒண்ணு வந்துச்சு, வாசல்ல நுழையல. செவுத்த இடிச்சு உள்ள தள்ளிட்டு மறுபடி கட்டுனோம். கட்டக் கூலி, இடிக்கக் கூலி, திரும்பக் கட்டக் கூலி. எங்களுக்கென்ன, கசக்குதா?

தசரா நெருங்கவும் முட்டக் கழட்டச் சொல்லி ஆள் மேல ஆள் வந்தாங்க. நம்ம ஆளுங்க ஒருத்தரும் அசையல. சார் சொல்லிட்டுப் போயிருக்காருன்னு ஒரே பாட்டு. வேலைய விட்டுத் தூக்கிருவேன்னாங்க. தூக்குனா அவங்க வந்து கழட்டட்டும்னோம். கடைசில முன்பக்கம் மட்டும் ரிப்பன் கட்டி, பந்தலப் போட்டு, முட்டு நிக்கற பக்கம் பூரா துணியத் தொங்க விட்டு மறைச்சாங்க. விளக்கேத்தி, போட்டோ எடுத்து, பூட்டிட்டுப் போயிட்டாங்க. மொத நோயாளி உள்ள வந்தது ஈஸ்டர் தாண்டித்தானுங்க.

அத உங்களுக்கு போன் போட்டுச் சொன்னப்ப, நான்தான் அன்னிக்கே சொன்னனேன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லல. முட்டெல்லாம் நாள் ஆகித்தானே எடுத்தீங்கன்னு கேட்டீங்க. அப்புறம் மாடு சௌக்கியமான்னீங்க.

அந்தத் தளத்துக்குக் கீழதான் சார் இப்ப மேரி படுத்திருக்கா.

நேத்து டாக்டரம்மா, ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிரும்னாங்க. ஆயிரும்னு கேட்ட மாதிரியே இருந்துச்சு. உங்க கேள்விய எடுத்து விட்டேன். "இதே மாதிரி முன்னாடி செஞ்சிருப்பீங்களேம்மா, அதெல்லாம் எப்படிப் போச்சு?" அந்தம்மா பேனாவக் கீழ வெச்சுட்டு என்னையே பாத்தாங்க. அப்புறம் பொறுமையா சொன்னாங்க, சில பேருக்கு மத்தியானம் தாண்டிருக்கு, கட்டி ஒட்டிக்கிட்டு இருந்தா மெதுவாத்தான் பிரிக்கணும், லேட்டாச்சுன்னா பயந்துக்காதீங்கன்னு.

ரெண்டு மணி நேரம் எப்பவோ போயிருச்சுங்க. எம் பையன் வராண்டாவுல நடையா நடக்கறான். "ரெண்டு ஹவர்னாங்களேப்பா, யாக்கப்பா இஷ்டு லேட்டு?"ன்னு கன்னடத்தக் கலந்து, ஏன் இவ்வளவு லேட்டுன்னு கேக்கறான். உக்காருடா, முட்டு நிக்கட்டும்னேன். அவனுக்கு ஒண்ணும் புரியல. எனக்கு மட்டும் பயமில்லையான்னா, இருக்குங்க சார். ஆனா உக்கார முடியுது. அது நீங்க குடுத்துட்டுப் போனது.

அவ கண்ணு முழிச்சதும் மொதல்ல மேல பாரு புள்ளன்னு சொல்லப் போறேன். இந்தத் தளம் நிக்குது பாரு, இதுக்காக ஒரு மனுசன் பெல்லாரி வெயில்ல போயி... சார், கதவு தெறக்குதுங்க. சிஸ்டர் பேரு சொல்லிக் கூப்பிடுது, மேரி கூட வந்தவங்க யாருன்னு. மொகம் சிரிச்ச மாதிரித்தான் இருக்கு. இருங்க சார், ஒரு எட்டுப் போயிட்டு வந்து மீதிய