பிந்தி விழுந்த கைதட்டல்

அன்பு மகன் டெவனுக்கு அம்மா எழுதுறது. கர்த்தர் கிருபையில டெட்ராய்ட்ல எல்லாரும் உடம்புக்குச் சுகமாத்தான் இருக்கோம், நீயும் பெர்லின்ல குளிர் தாங்கி நல்லா இருப்பேன்னு நம்புறேன். மனசுதான் உன்மேல கசந்து போயிருக்கு, அதையும் எழுதிடறேன்.

நீ அனுப்பின கண்காட்சிப் புத்தகத்தை உன் தங்கச்சி ஜானெல் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினா. டெக்னோங்கற ஆட்டப்பாட்டு எப்படிப் பிறந்ததுன்னு நீயே எழுதியிருக்க. கார் ஆலையில தகடு அடிக்கிற மெஷின் சத்தம்தான் தாளமாச்சாம், ஆர்விட்ங்கற தொழிலாளி எண்ணெய்க் கையோட வந்து அதையே வாசிச்சாராம். அவர் பாட்டுல கைதட்டல் ஒரு இழை பிந்தி விழுதே, அது மெஷின் மூச்சு விடறதாம். சீ, பெத்த அப்பனைப் பத்தி எழுதற எழுத்தாடா இது. பத்தாததுக்கு, கண்காட்சித் திறப்பு விழாவுல மாட்டி வைக்க அப்பாவோட ஆலை உடுப்பை அனுப்பணுமாம், அழுக்கோட இருந்தா ரொம்ப நல்லதாம். கையில இருந்த சோளரொட்டியைத் தட்டுலயே போட்டுட்டு எழுத உட்கார்ந்தேன்.

அந்த ஆலையில நானும் பத்தொன்பது வருஷம் கார் கதவு மாட்டியிருக்கேன், அங்க தாளமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, காதைக் கெடுக்கற இரைச்சல்தான். அப்பாவோட இடது காது போனதே அங்கதான், உனக்குத் தெரியாதா? பாட்டு வேற இடத்துல பிறந்தது. சனிக்கிழமை ஆனா கூடம் வாடகைக்கு எடுத்து ஆடுவோம், இத்தாலிக்காரன் டிஸ்கோ ரெக்கார்டு, ஜெர்மன்காரன் மெஷின் பாட்டு, நம்ம சர்ச் ஆர்கன்ல கேட்டது, எல்லாத்தையும் அப்பா அடகுக்கடையில வாங்கின, பொத்தானை அமுக்கினா மேளமும் கைதட்டலும் வர்ற தாளப்பெட்டியில போட்டுக் கலந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை இல்லாம அங்க எவனும் வாசப்படி மிதிக்க முடியாது, அழுக்கு உடுப்போட வந்தா அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்க. உங்க ஊர்க்காரங்களுக்கு நம்ம ஆளு அழுக்கா இருந்தாத்தான் பிடிக்குமோ என்னவோ, நீயும் அதுக்குத் தலையாட்டறியே, அதான் எனக்கு அருவருப்பா இருக்கு.

அந்தக் கைதட்டல் கதையையும் கேட்டுக்கோ. ஆடிக்கிட்டே சிவப்பு சோடாவை அந்தப் பெட்டி மேல கொட்டினது நான். கைதட்டல் பொத்தான் பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு அன்னிலேர்ந்து பிந்தித்தான் எழும்பிச்சு. நான் அழ ஆரம்பிச்சுட்டேன், அப்பா ரெண்டு தடவ தட்டிப் பார்த்துட்டு, இருக்கட்டும் வெர்னெட்டா, ஆடறவன் மூச்சு வாங்கிக்கட்டும்னார். அப்படியே பதிவும் பண்ணிட்டார். நீ மெஷினோட மூச்சுன்னு எழுதினது என் சோடாவை.

ஜானெல் வாசிச்சு முடிச்சதும் அப்பா புத்தகத்தை வாங்கி மூடி வச்சார். அப்புறம், "அந்த ஆலைச் சத்தத்தை மறக்கத்தானே பாட்டு வாசிச்சேன், அவன்கிட்ட சொல்லு"ன்னார். உன் விழாவுக்கு வரணும்னு ரெண்டு வாரம் முன்னாடியே இறக்கி வச்ச பயணப் பெட்டியைத் திரும்பப் பரண்ல ஏத்திட்டார்.

ஆலை உடுப்பைக் கார் துடைக்கக் கிழிச்சு ரொம்ப நாளாச்சு. அதுக்குப் பதிலா இதோட, நான் சோடா கொட்டின அன்னிக்கு அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டையை அனுப்பறேன், இஸ்திரி நான்தான் போட்டேன். எழுதினதை மாத்தி, உன் வாயால அப்பாகிட்ட போன்ல வாசிச்சுக் காட்டு, வலது காதுப் பக்கமா பேசு. பெட்டியை நான் இறக்க வைக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, கழுத்துக்குத் துணி சுத்திக்கோ. கர்த்தர் உன்னைக் காப்பாத்தட்டும். சட்டைக் கைப்பட்டியில இருக்கற சிவப்புக் கறையை மட்டும் துவைச்சுடாதே.

உன்மேல கோவமா இருக்கற, உன்னைப் பெத்த அம்மா,
வெர்னெட்டா