ஐந்துக்கு அடுத்து ஏழு

மார்ச் 4, செவ்வாய்

பட்டறையில் பதினோரு பெண் இடுப்பு மாடல்களுக்கு வண்ணம் அடித்தேன். எல்லாம் நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்த. மாலையில் டாக்டரிடம் போனேன். கல்யாணமாகி ஏழு வருடம். கணவர் நெருங்கினாலே கத்தி வைத்த மாதிரி வலி. அந்த டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரிலாக்ஸா இருங்கம்மா. ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும்." அடப்பாவி, குழந்தை எந்த வழியா வரும்னு நெனச்ச?

மார்ச் 6, வியாழன்

"என்னைப் பிடிக்கலன்னா நேரா சொல்லிடு. பிரிஞ்சிடலாம்" என்கிறார் கணவர். வலியைச் சாக்கு என்று நினைக்கிறார்.

மார்ச் 10, திங்கள்

அக்கா சொன்ன வேறு டாக்டர், பெண். கையில் கண்ணாடியைக் கொடுத்து, "எங்க வலிக்குதுன்னு காட்டுங்க" என்றாள். எனக்குத் தெரியவில்லை! ஒன்பது வருடமாக அந்த இடத்துக்குத்தான் வண்ணம் அடிக்கிறேன். அதிலும், என் உடம்பில் மாடலில் இல்லாத ஒன்று இருந்தது. கட்டியோ என்று பயந்துவிட்டேன்.

"கிளிட்டோரிஸ். சுகத்துக்குன்னே இருக்கற உறுப்பு. வேற வேலையே கிடையாது அதுக்கு." வெளியே தெரிவது நுனிதானாம், மிச்சம் உள்ளே இரண்டாகப் பிரிந்து விரல் நீளம் போகிறதாம். வலி வேறு விஷயம் — பயத்தில் தசை தானாக இறுகுகிறது, பயிற்சியில் தளரும். "உங்க தப்பு இல்ல" என்றாள். முப்பத்து நான்கு வயதில் முதல்முறையாகக் கேட்கிறேன்.

பக்கத்தில் நின்ற நர்ஸ், "நாங்க படிச்ச மாடல்ல இது இல்லையே" என்றாள். எந்தக் கல்லூரி என்று கேட்டேன். எங்கள் பட்டறை மாடல்தான். நான் அடித்த வண்ணம்தான்.

மார்ச் 11, செவ்வாய்

மாடலோடு போகும், எண் போட்ட உறுப்புப் பெயர் அட்டையைப் பார்த்தேன். ஐந்து, உள்ளிதழ். ஏழு, சிறுநீர்த் துளை. ஆறு எங்கே?

"பழைய அச்சும்மா. அந்த இடம் தேஞ்சு மழுங்கிப்போச்சு. சின்ன விஷயம், நம்பரை எடுத்துடுன்னு முதலாளி சொல்லிட்டாரு" என்றார் மாடல் வார்க்கும் அச்சுக்காரர். இத்தனை வருடத்தில் ஒரு கல்லூரிகூடக் கேட்கவில்லையாம். போன வருடம் ஆண் மாடலில் ஒரு நரம்பு விட்டுப்போனதற்கு ஒரே வாரத்தில் இரண்டு பெட்டி திரும்பி வந்தது.

மார்ச் 12, புதன்

முதலாளியிடம் கேட்டேன். "குடும்பப் பொண்ணு பேசற பேச்சா இது?" பெண் இடுப்பை டஜன் கணக்கில் விற்கிறவர் கேட்கிறார்!

வாயில் வந்ததை அடக்கிக்கொண்டேன். இல்லை, பொய் எதற்கு — அடக்கவில்லை. "அப்ப ஆம்பள மாடல்லயும் அதைத் தேய்ச்சு விடுங்க சார். யாராவது கேக்கறாங்களான்னு பாப்போம்."

மார்ச் 14, வெள்ளி

விட்டுப்போன ஆறாவதைக் களிமண்ணில் நானே பிடித்தேன். அச்சுக்காரர் அதை வைத்துப் புது அச்சு எடுத்தார். முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்.

மார்ச் 24, திங்கள்

கணவரை அந்தப் பெண் டாக்டரிடம் இழுத்துப்போனேன். பிடிக்காததால் வரும் வலி இல்லை என்று அவள் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டார். குனியட்டும்.

ஏப்ரல் 2, புதன்

தினமும் பயிற்சி. எரிச்சலாக வருகிறது. இன்றும் செய்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மதியம். வலிக்கிற பக்கமே போகவில்லை. டாக்டரும் இப்போதைக்கு வேண்டாம் என்றிருக்கிறாள். அவர் கையைப் பிடித்து, "அங்க இல்ல, இங்க. மெதுவா" என்றேன். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

அப்புறம் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இதையா இத்தனை வருஷம் எங்கிட்ட மறைச்சீங்க, படுபாவிங்களா?

"டீ போடட்டுமா?" என்று அவர் எழுந்தார்.

"டீ அப்புறம்" என்றேன்.