காண்டாமிருகத்தின் முழங்கால்

நானா,

நேற்று டிக்கோயா ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து மரக்காலையில் பலகை அறுத்தார்கள். ஈர மரத்தூளின் வாசம் காற்றோடு வந்து முகத்தில் அடித்தது. பஸ் வந்தது, நான் ஏறவில்லை. ஹட்டன் மைதானத்தில் சாக்குச் சாக்காக மரத்தூளைக் கொட்டி, மேலே படங்குத் துணி விரித்துக் கட்டிய அந்தக் காலத்துக் குஸ்தி மேடைக்கு முன்னால் மனசால் போய் நின்றுவிட்டேன். அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை உங்களோடு வாதாடிக்கொண்டிருந்தேன். உதடுகூட அசைந்திருக்கும் போலிருக்கிறது. பக்கத்தில் நின்ற பெண் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாள்.

நம்முடைய பழக்கமே வாதத்தில் தொடங்கியதுதானே. கொழும்பில் சனிக்கிழமை குஸ்தி பார்த்துவிட்டு மறுநாள் காலை ரயிலில் திரும்புகிறோம். நீங்கள் ஹட்டன் கடைத்தெருவில் புடவைக் கடை வைத்திருக்கும், ஊரே அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் வியாபாரி, நான் டிக்கோயா ஆஸ்பத்திரியில் புண் கழுவிக் கட்டுப்போடும் டிரசர் என்பது இருவருக்குமே தெரியாது. மண் சரிந்து ரயில் றொசல்ல ஸ்டேஷனில் நின்றுவிட்டது. எதிர் சீட்டில் இருந்த நீங்கள் யாரிடமோ மூன்றாவது சுற்றைப் பற்றிச் சொல்ல, நான் குறுக்கே புகுந்து, அது நாலாவது சுற்று என்றேன். ரயில் புறப்பட்டபோது அந்த யாரோ ஒருவர் வேறு பெட்டிக்குப் போயிருந்தார். நாம் இன்னும் முடிக்கவில்லை.

அதன் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். கடையின் முன்கதவைப் பாதி சாத்திவிட்டு, பார்த்த ஆட்டங்களை முதலிலிருந்து எடுத்து அலசுவோம். வெள்ளைத் துணிச் சுருள் ஒரு பயில்வான், நீல ட்ரில் சுருள் இன்னொருவர். எந்தப் பிடியில் யார் சிக்கினார், எப்படி விடுபட்டார் என்று மேசைமேல் புரட்டிப் புரட்டிக் காட்டுவீர்கள். "ஜெயிச்சவன எல்லாரும் பாப்பான், டிரசர். தோத்தவன் எந்த நிமிஷத்துல தோத்தான்னு பாக்கணும். அதான் விமர்சனம்" என்பீர்கள். பிறகு அதை எழுதி, கொழும்பு வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்புவீர்கள். பெயர் போடாமல் 'ஹட்டன் நிருபர்' என்று வரும். கடைக்கு வருகிறவர்களிடம் அது யார் என்று தெரியாதது போலவே அதைப் படித்துக் காட்டுவீர்கள்.

சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். கொழும்பில் நாம் பார்த்த குஸ்திக் கோஷ்டி ஹட்டனுக்கே வந்தது. இரும்புத் தோளன், காண்டாமிருகம் என்று பட்டப்பெயர் கொண்ட இரண்டு பயில்வான்கள் மோதப் போகிறார்கள் என்று தோட்டம் தோட்டமாக நோட்டீஸ் போட்டார்கள். பொகவந்தலாவையிலிருந்து லொறி லொறியாகச் சனம். பின்னேரம் மூன்று மணிக்கு ஆட்டம். மழை விட்டுவிட்டுப் பெய்தது, படங்கு வழுக்கியது. நீங்கள் மேடைக்குக் கிழக்கே உட்கார்ந்திருந்தீர்கள். டியூட்டி முடிந்து பிந்தி வந்த எனக்கு மேற்கே, ஒரு கங்காணியின் குடைக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது.

மூன்றாவது சுற்றில் இரும்புத் தோளன் ஓடிவந்து பாய்ந்தார். கால் வழுக்கியது. கயிற்றுக்கு வெளியே போய் மரக்கட்டையில் விழுந்தார். அவர் மறுபடி உள்ளே ஏறியபோது வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. காண்டாமிருகம் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு பாய்ந்து, அவரைக் கீழே தள்ளி, முழங்காலை ஊன்றி அமுக்கிவிட்டார். நடுவர் மூன்று எண்ணினார். ஆட்டம் முடிந்தது. கை ஒடிந்தவனை அமுக்கி ஜெயித்தவன் என்று சனம் கத்தியது. சேற்றையும் கல்லையும் அள்ளி எறிந்தது. நானும் கத்தினேன், நானா. அதை உங்களிடம் மறைத்ததில்லை.

அந்த முழங்கால் எங்கே ஊன்றியது? ஒடிந்த கையின்மேலா, பக்கத்துப் படங்கின்மேலா? நீங்கள் கிழக்கேயிருந்து பார்த்தது கையின்மேல். நான் பார்த்தது எது என்று எனக்கே தெரியவில்லை. கங்காணியின் குடை அந்த நேரம் ஆடியதா இல்லையா என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது.

மறுநாள் காலை வார்டுக்குப் போனேன். இரும்புத் தோளன் கட்டிலில் கிடந்தார். கைக்கு மட்டை வைத்துக் கட்டியிருந்தது. கட்டில் ஓரத்தில் காண்டாமிருகம் உட்கார்ந்து, பாண் ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். ஊட்டியவரின் நெற்றியில் கல் பட்ட காயம். கட்டைச் சரிபார்க்கக் கிட்டே போனேன். இரும்புத் தோளனுக்கு மதராஸ் பக்கம் ஆடித் திரிந்ததில் கொஞ்சம் தமிழ் வந்தது.

"நேத்து நான் ஜெயிக்கணும். அப்படித்தான் பேச்சு" என்றார். "கை போச்சு. நான் ஜெயிக்கிற வரைக்கும் ஆடினா கை முழுசாப் போயிடும். நிறுத்தினா ஜனம் விடாது. அதான் இவன் சீக்கிரம் முடிச்சான்."

"அப்ப எல்லாமே நாடகமா?"

"கை நெசம்" என்றார். "வெளியே சொல்லாதீங்க, டாக்டர் சாப். எங்க பொழப்பு அது."

நான் டாக்டர் இல்லை என்று சொல்லாமல், சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

அன்று மத்தியானம் அவர்கள் ரயிலில் போக வேண்டும். ஆட்டம் முடிந்து நோயாளிக்கு மாட்டிவிட்டிருந்த சட்டையை ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் கழற்றியிருந்தார்கள். குளிருக்குப் போர்த்த பிளானல் துணி எங்கே கிடைக்கும் என்று காண்டாமிருகம் சைகையில் கேட்டார். "என் சிநேகிதர் கடை இருக்கு, வாங்க" என்று நானே கூட்டிவந்தேன். உங்கள் கடைக்கு, நானா. வழியெல்லாம் அவர் தலை குனிந்தே நடந்தார். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் காறித் துப்பினார்கள்.

நீங்கள் அவரைப் பார்த்தீர்கள். பக்கத்தில் என்னைப் பார்த்தீர்கள்.

"பிளானல் வேணுமாம்" என்றேன்.

"துணி இல்ல."

உங்கள் முதுகுக்குப் பின்னால் தட்டு நிறையப் பிளானல். கோடு போட்டது, கட்டம் போட்டது. காண்டாமிருகம் அந்தத் தட்டை ஒருதடவை பார்த்தார். கையை நெற்றிக்கு உயர்த்தி உங்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நான். வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று நின்றேனா, உங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்து நின்றேனா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஸ்டேஷனில் அவர் தன் கோட்டைக் கழற்றிச் சிநேகிதருக்குப் போர்த்திவிட்டு, வெறும் சட்டையோடு ரயிலேறினார். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அடுத்த வாரம் உங்கள் விமர்சனம் வந்தது. 'கை ஒடிந்தவனை முழங்காலால் மிதித்த கோழை' என்று எழுதியிருந்தீர்கள். என்னிடம் நீங்கள் பேசவில்லை. "அவனக் கூட்டிக்கிட்டு என் கடைக்கே வந்தீங்களே" என்று ஒருமுறை மட்டும் ரோட்டில் நிறுத்திக் கேட்டீர்கள். நாலைந்து மாதம் கழித்துக் கத்தரிக்கோலில் பெருவிரலை வெட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். நான் கட்டுப் போட்டேன். "ஞாயித்துக்கிழம என்ன செய்றீங்க, டிரசர்?" என்றீர்கள். பழையபடி துணிச் சுருள்கள் மேசைக்கு வந்தன.

வருஷங்கள் போயின. கோஷ்டிகள் வருவது நின்றுபோனது. பார்க்கப் புதிய ஆட்டம் இல்லாமல் பழையவற்றையே திரும்பத் திரும்ப அலசினோம். பத்திரிகைக்காரர் உங்களிடம் மறக்க முடியாத மல்யுத்தங்களைப் பற்றித் தொடராக எழுதித் தரச் சொல்லியிருந்தார். முதலாவதாக ஹட்டன் ஆட்டத்தை எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். காண்டாமிருகம் இந்தமுறை கோழையிலிருந்து கொலைகாரனாகியிருந்தார். நெற்றிக் காயமும் வெறும் சட்டையும் என் கண்ணுக்குள் வந்தன. அவர் எங்கே இருக்கிறாரோ, உயிரோடு இருக்கிறாரோ. வாக்கை மீறி எல்லாவற்றையும் உங்களிடம் சொன்னேன்.

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.

"அப்ப யாரு ஜெயிச்சது, டிரசர்?"

மேசையில் கிடந்த துணிச் சுருள்களை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு வந்தேன். நான் சொன்னது எதுவுமே காதில் விழாதது போல, நீல ட்ரில் சுருளை எடுத்து வெள்ளைச் சுருளின்மேல் ஓங்கி அமுக்கிக் காட்டினீர்கள். "இப்படித்தான் மிதிச்சான், பாவி." எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் பொய் சொல்லுகிறேனா என்று கேட்டேன். சுருளை மெதுவாகக் கீழே வைத்தீர்கள்.

"தட்டு நெறையத் துணிய வச்சிக்கிட்டு இல்லன்னு சொன்னவன் நான். அவன் நல்லவன்னா அப்ப நான் யாரு? சொல்லுங்க பாப்போம்."

நான் எழுந்து வந்துவிட்டேன். சொன்னது சரியா தவறா என்று அன்று தொடங்கிய குழப்பம் இன்றும் தீரவில்லை. அந்தத் தொடரை நீங்கள் பத்திரிகைக்கு அனுப்பவில்லை.

அந்த வருஷக் கடைசியில் நெஞ்சு வலியென்று உங்களை எங்கள் வார்டுக்கே கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் பின்னேரம். வெளியே வெயில் அடித்தது. ஜன்னல் வழியாகத் தேயிலை மலை முழுவதும் தெரிந்தது. உங்கள் வீட்டுக்கார அம்மா தேத்தண்ணி எடுக்கப் போயிருந்தார். என்னைக் கிட்டே வரச் சொன்னீர்கள்.

"அந்த ஆட்டத்த ஒருதடவ சொல்லுங்க, டிரசர். முழுசா."

சொன்னேன். மழை, சனம், மூன்றாவது சுற்று. முழங்கால் ஊன்றிய இடம் வந்தபோது 'படங்கின்மேல்' என்றேன். நீங்கள் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரி, பாண், தேத்தண்ணி எல்லாம் சொன்னேன். கடைக்குக் கூட்டிவந்ததைச் சொன்னேன். அங்கே நிறுத்தினேன். நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போனது. "நீங்க எழும்பி, தட்டுலேருந்து பிளானல எடுத்தீங்க. கட்டம் போட்டது. அளந்து, மூனு கெஜம் கிழிச்சுக் கொடுத்தீங்க. அவரு ஸலாம் சொல்லிட்டுப் போனாரு."

கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூங்கிவிட்டீர்கள் என்றே நினைத்தேன். பிறகு உதடு அசைந்தது.

"மூனு கெஜம் இல்ல, டிரசர். அவங்க தோளு பெருசு. நாலு கொடுத்தேன்."

மறுநாள் விடிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நீங்கள் போய்விட்டீர்கள். அடக்கம் செய்ய மையவாடிக்கு உங்களைச் சுமந்து போனவர்களுக்குப் பின்னால் நானும் நடந்தேன்.

அன்று நீங்கள் சொன்னது என்ன, நானா? நான் கட்டிய நாடகம் தெரிந்து, என்னைக் கைவிடாமல் கூடவே ஆடினீர்களா? வலியின் மயக்கத்தில் உண்மையென்றே நம்பினீர்களா? இல்லை, எப்போதும் போல என் தப்பைத் திருத்தினீர்களா? மூன்றையும் மாற்றி மாற்றி நினைக்கிறேன். ஒன்றில் நிலைத்தால் மற்றது வந்து தள்ளிவிடுகிறது. சில நாட்களில் நீங்கள் துணியைக் கிழிக்கும் சத்தம்கூடக் கேட்கிறது. அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்பது தெரிந்தும்தான்.

உங்கள் பேரன் போன மாதம் வந்து அந்தக் குஸ்தியைப் பற்றிக் கேட்டான். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். கடைக்கு வந்த காண்டாமிருகத்துக்கு நீங்கள் துணி கொடுத்ததையும் சொன்னேன்.

நாலு கெஜம் என்றேன்.