எந்த மெஷின் வாங்கட்டும், அத்தான்?

மார்ச் 4

அன்புள்ள அத்தானுக்கு,

இப்படி ஆரம்பிக்கலாமா கூடாதா என்று யோசித்ததிலேயே சாப்பாட்டு இடைவேளையில் பாதி போய்விட்டது. முதலில் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று எழுதிப் பார்த்தேன். லீவு கேட்கிற மாதிரி இருந்தது, கிழித்துப் போட்டேன். நீங்களும் அக்காவும் கையெழுத்துப் போட்டு ஏழு மாதம் ஆகிறது. கோர்ட்டில் உங்கள் இரண்டு பேருக்கும்தான் தீர்ப்புச் சொன்னார்கள். நான் இனிமேல் உங்களுக்கு என்ன முறை என்று யாரும் சொல்லவில்லை.

போனில் கூப்பிடாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். அக்கா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். என் அறைக்கும் அவள் அறைக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. நான் தும்மினால் அந்தப் பக்கமிருந்து “மாத்திரை போட்டியா?” என்று குரல் வரும். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள் அல்லவா? அதனால் ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலையும் இங்கேயே போடுங்கள்.

விஷயம் இதுதான். அக்காவின் சாமான்கள் வந்த வண்டியில் நம் கிட்டார் பலகையும் வந்துவிட்டது. மெத்தைக்கும் பீரோவுக்கும் நடுவில், போர்வை சுற்றி. நீங்களும் நானும் இரண்டு துண்டை ஒட்டி, வடிவம் வரைந்து, சுற்றி அறுத்து வைத்த அதே மகோகனி மரம்தான். திருப்பித் தரலாம் என்றால் எந்த முகத்தோடு வந்து தருவது என்று தெரியவில்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. நாமே முடித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. ‘நாமே’ என்று கை தானாக எழுதிவிட்டது; ‘நானே’ என்று படித்துக்கொள்ளுங்கள்.

அதில் பள்ளம் எடுக்க, மரம் குடைகிற ரவுட்டர் மெஷின் வேண்டுமே. கடைக்குப் போய், “கையடக்கமா ஒரு ரவுட்டர், விலை ரொம்ப வேணாம்” என்றேன். “எதுக்கு சார்?” என்றார். “கிட்டாருக்கு” என்றேன். “கிட்டார் கடை அடுத்த தெரு சார்” என்று வழி காட்டினார். அவருக்குப் புரிய வைத்து, ஐந்து மெஷினை மேசையில் வைத்ததும் எனக்குப் புரியாமல் போய்விட்டது. ஒன்று ஒரே வேகத்தில் ஓடும். ஒன்றில் வேகம் மாற்ற ஒரு குமிழ். ஒன்று பேட்டரி. இன்னொன்றுக்கு மேலிருந்து அமுக்கி இறக்குகிற அடித்தட்டு தனியாக வாங்க வேண்டுமாம். மரத்தை வெட்டுகிற அலகுக்குப் பிட் என்று பெயராம்; அதன் காம்பு ஆறு மில்லிமீட்டர் என்று ஒரு டப்பாவில், கால் அங்குலம் என்று இன்னொரு டப்பாவில். “ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான் சார்” என்கிறார். ஒன்றுதானா, அத்தான்?

எந்த மெஷின் வாங்கட்டும்? ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
நீங்கள் வைத்த பெயரோடு,
எக்ஸ்ரே


மார்ச் 11

அன்புள்ள எக்ஸ்ரேவுக்கு,

உன் கடிதம் கைக்கு வந்த அன்று ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் இடையில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு அம்மாவும் ஒரு நாயும். கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அவர்களை இறக்கிவிட்டேன். பிறகு மொட்டை மாடியில் மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். பலகை உன்னிடம் இருக்கிறதா? நான் அதை எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா?

என்னை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடு. உன்னை மச்சான் என்று எழுதலாமா என்று எனக்கும் தெரியவில்லை. பட்டப்பெயரில் வம்பு இல்லை.

மெஷினுக்கு வருவோம். ஒரே வேகம் உள்ளதைத் தொடாதே. சின்ன பிட் வேகமாகச் சுற்றினால் நல்லது; பெரிய பிட்டை அந்த வேகத்தில் விட்டால் மரம் கருகும், கையும் உதறும். வயர் உள்ளது, குமிழ் உள்ளது, ஒரு கைக்குள் அடங்குவது, அது போதும். விலை அதிகமான பெரிய மெஷின் கிட்டாருக்குத் தேவையே இல்லை. யானைக்கு வாங்கிய அங்குசத்தை ஆட்டுக்குட்டியிடம் காட்டுவானேன்? அடித்தட்டு ஒன்று கூடவே கிடைத்தால் வாங்கிக்கொள். பள்ளத்தை ஒரே மூச்சில் இறக்காதே. இரண்டு மில்லிமீட்டர், மறுபடி இரண்டு மில்லிமீட்டர், அப்படிப் போ.

ஆனால் முடிவு செய்வதற்கு முன்னால் சிலது சொல். உன் மேசை எவ்வளவு உயரம்? ஆடுமா? பலகை வெயிலில் வளைந்திருக்கிறதா? ஜன்னல் உன் இடது கைப்பக்கமா, வலது கைப்பக்கமா? இதெல்லாம் தெரியாமல் அவசரப்பட்டு வாங்கிவிடாதே.

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? பொதுவாகத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
லிஃப்ட்காரன்


மார்ச் 19

அன்புள்ள அத்தானுக்கு,

ஒரு வரி கேட்டேன், பரீட்சை வைத்துவிட்டீர்கள். மேசை இடுப்பளவு. ஆடுகிறது, கீழே அட்டை மடித்து வைத்திருக்கிறேன். பலகை வளையவில்லை. ஜன்னல் இடது பக்கம், ஆனால் நான் திரும்பி நின்றால் வலது பக்கம்.

நீங்கள் சொன்ன மாதிரி குமிழ் உள்ளதைத்தான் வாங்கப் போனேன். அங்கே ஒருவர், பார்த்தால் பெரிய தச்சு வேலைக்காரர் மாதிரி இருந்தார், “இப்ப யாருங்க வயரைக் கட்டிக்கிட்டு அழறா? பேட்டரிதான்” என்றார். இன்னொருவர், “பேட்டரி பாதியில உயிரை விடும், ஏமாந்துடாதீங்க” என்றார். இரண்டு பேருக்கும் சண்டை வருகிற மாதிரி இருந்தது. வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

மறுநாள் கடைக்காரர் போன் செய்தார். ரவுட்டர் எடுத்து வைக்கட்டுமா என்று. “ரவுட்டரா, யோசிச்சு சொல்றேன்” என்றேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்டுவிட்டது.

“நம்ம ரவுட்டருக்கு என்னடா? நல்லாத்தானே நெட் வருது?”

“கொஞ்சம் மெதுவா இருக்குக்கா.”

“அணைச்சுட்டுப் போடு, சரியாயிடும்.”

அவள் வந்து பார்த்துக்கொண்டு நிற்க, ஒன்றும் ஆகாத அந்தப் பெட்டியை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போட்டேன். “இப்ப பரவாயில்லை” என்றேன். நாற்பது வயதில் அக்காவிடம் இப்படி ஒரு பொய்.

எனக்குக் குழப்பம் மெஷினில் மட்டும் இல்லை. எலும்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் படமெடுத்துக் காட்டிவிடுவேன். அதுதான் என் பிழைப்பு. உங்களுக்கும் அக்காவுக்கும் நடுவில் எங்கே விட்டுப்போனது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. அவள் உங்களைப் பற்றி ஒரு குறை சொல்வதில்லை. நீங்களும் சொன்னதில்லை. குடி இல்லை, கைநீட்டல் இல்லை, இன்னொரு ஆள் இல்லை. பிறகு ஏன், அத்தான்? கேட்கக் கூடாதென்றால் கேட்காத மாதிரி விட்டுவிடுங்கள்.

எக்ஸ்ரே


ஏப்ரல் 2

அன்புள்ள எக்ஸ்ரேவுக்கு,

யோசித்துப் பார்த்தேன். நீ பேட்டரி மெஷினே வாங்கு. சத்தம் சற்றுக் குறைவு. பலகைத் தடுப்பு என்றாயே, அதனால் சொல்கிறேன். ஆனால் பேட்டரி உள்ளது தலைக்கனமாக இருக்கும், ஓரத்தில் சாயும். உன் மணிக்கட்டு எப்படி? பழைய வலி இருக்கிறதா? அதையும் சொல், பிறகு முடிவு செய்யலாம்.

நீ கேட்ட இன்னொன்றுக்குப் பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது. எனக்கும் முழுசாகத் தெரியாது என்பதுதான் உண்மை. ஒரு நாள் மட்டும் ஞாபகத்தில் நிற்கிறது. பின்னறையில் நான் பள்ளம் எடுத்துக்கொண்டிருந்தேன். காதில் சத்தத்துக்கான மூடி. தலையைத் தூக்கினால் உன் அக்கா கதவருகில் நின்று ஏதோ பேசுகிறாள். உதடு அசைவது தெரிகிறது. வெட்டு பாதியில் இருந்தது. நடுவில் நிறுத்தினால் மரத்தில் தடம் விழும். ஒரு விரலைக் காட்டி ‘இரு’ என்றேன். முடித்துவிட்டு மூடியைக் கழற்றினேன். அவள் அங்கே இல்லை. சமையலறையில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். “என்ன சொன்னே?” என்று போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தூசியைக் கூட்டினேன்.

அன்று அவள் என்னவோ முக்கியமாகச் சொல்லியிருக்கிறாள், அதை விட்டுவிட்டேன் என்று எனக்கு ஒரு எண்ணம். ஒரு வருஷத்துக்கு மேல் அதையே போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். என்ன சொல்லியிருப்பாள்?

இதை அவளிடம் கேட்கச் சொல்லவில்லை.

அன்புடன்,
லிஃப்ட்காரன்

பி.கு. அமுக்கி இறக்கும் அடித்தட்டு வேண்டாம் என்றும் தோன்றுகிறது. உன் கருத்து என்ன?


ஏப்ரல் 20

அன்புள்ள அத்தானுக்கு,

முதலில் இரண்டு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒன்று, மெஷினை மார்ச் கடைசியிலேயே வாங்கிவிட்டேன். வயர் உள்ளது, குமிழ் உள்ளது, நீங்கள் முதலில் சொன்னதுதான். சொல்லிவிட்டால் உங்கள் கடிதம் நின்றுபோகுமே என்று சொல்லவில்லை. இரண்டாவது, பலகையைக் கெடுத்துவிட்டேன்.

கிட்டாரின் கழுத்து உட்காருகிற பள்ளத்தில்தான் ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். ஓரம் தப்பாமலிருக்க மேலே ஒரு அச்சுப்பலகையை ஒட்டி, இரண்டு இரண்டு மில்லிமீட்டராக இறங்கினேன். நன்றாகத்தான் போனது. காதில் பஞ்சு. திடீரென்று மெஷின் செத்துவிட்டது. மோட்டார் போய்விட்டதோ என்று பதறித் திரும்பினால், அக்கா ஒரு கையில் காய்கறிப் பையோடு நிற்கிறாள், இன்னொரு கை சுவர் சுவிட்சில்.

“பிட் கீழே இறங்கிட்டு இருக்குடா. கண்ணு தெரியல?”

பார்த்தேன். பிட் பிடியிலிருந்து நழுவி நழுவி இறங்கியிருக்கிறது. பள்ளம் ஒரு பக்கம் ஐந்து மில்லிமீட்டர் அதிகம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பின்பக்கம் வந்திருக்கும்.

“உனக்கு எப்படிக்கா தெரிஞ்சது?”

“மூணு வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டிருக்கேன். சத்தம் மாறினா தெரியாதா?” பையைக் கீழே வைத்தாள். “யாரைக் கேட்டு வாங்கினே?”

எனக்குப் பொய் வரவில்லை. உங்கள் இரண்டு கடிதத்தையும் எடுத்துக் கொடுத்தேன். கோபப்படாதீர்கள். நின்றுகொண்டே படித்தாள். முதல் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாள். “ஜன்னல் எந்தப் பக்கமாம். எந்த மெஷின் வாங்கணும்னு அவருக்கு முதல் நாளே தெரியும். சொல்லிட்டா நீ அப்புறம் எழுத மாட்டே, அதான்.”

இரண்டாவது கடிதத்துக்குச் சிரிக்கவில்லை. படித்து முடித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் கேட்கச் சொல்லவில்லை. ஆனாலும் கேட்டேன்.

“அன்னிக்கு என்னக்கா சொன்னே?”

“என்னிக்கு?”

“அவர் எழுதியிருக்காரே. கதவுகிட்ட நின்னு.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அத்தான், எனக்கு அவள் முகம் தெரியும். பிறகு, “அது எந்த நாளுன்னு எனக்கு எப்படிடா தெரியும்? தினமும்தானே நின்னேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. காய்கறியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் குழம்பினேன். நேற்றுச் சாப்பிடும்போது அவளே, “அவரை வரச் சொல்லு. அவர் வந்தாத்தான் அந்தப் பலகை பிழைக்கும். அன்னிக்கு நான் எங்கேயாவது போயிக்கிறேன்” என்றாள். நான் என்ன நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். மே மாதம் முதல் ஞாயிறு வருகிறீர்களா?

எக்ஸ்ரே


ஏப்ரல் 27

அன்புள்ள மச்சானுக்கு,

பிட் ஏன் நழுவியது என்று தெரிந்துகொள்ள உன் முதல் கடிதத்தை எடுத்தேன். உன் மெஷினில் பிட்டைப் பிடிக்கிற வாய் கால் அங்குலமாக இருக்கும். கடைக்காரர் ஆறு மில்லிமீட்டர் பிட்டைக் கொடுத்திருப்பார். எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. “ஒன்றுதானா, அத்தான்?” என்று தெளிவாகக் கேட்டிருக்கிறாய். இரண்டு தடவை படித்தேன் என்று உனக்கு எழுதியிருக்கிறேன். அதற்கு மட்டும் பதில் சொல்லவே இல்லை. மேசை உயரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பலகையைக் கெடுத்தது நீ இல்லை. அந்த பிட்டை இனிமேல் மாட்டாதே. அது தெறித்துக் கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சுவிட்சை அணைத்தவளுக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்.

தினமும்தானே நின்னேன் என்றாளா? இத்தனை நாள் ஒரே ஒரு நாளைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தது என்று ஆகிவிடும் அல்லவா? அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. என்னால் உன் அக்கா ஒரு வீட்டை விட்டுப் போனாள். நான் அரை நாள் மரம் செதுக்குவதற்காக இன்னொரு வீட்டையும் விட்டு அவள் வெளியே போய் நிற்க வேண்டாம். அது அவள் வீடு. சத்தமும் தூசியும் இல்லாமல் அவள் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்திருக்கட்டும்.

நீ வா. பலகையைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு வா. அதைச் சுற்றி அறுத்தபோது மிஞ்சிய துண்டு இங்கே இருக்கிறது. அதே மரம், அதே ரேகை. பள்ளத்தில் அதை இறக்கி ஒட்டி, மறுநாள் திரும்ப வெட்டிவிடலாம். கழுத்து உட்கார்ந்த பிறகு யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை வந்தால் இரவு தங்க வேண்டியிருக்கும். எங்கே போகிறாய் என்று உன் அக்கா கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட்டு வா.

மெஷின் பற்றி இனி உனக்குக் கேள்வி இருக்காது, எனக்கும் இல்லை. இருந்தாலும் எழுது. மூட்டு வலி, மழை, ஆஸ்பத்திரிக் கதை, எதுவானாலும்.

வீட்டில் அழைப்பு மணி ரிப்பேர். கதவைத் தட்டினாலே போதும். நீ வரும்வரை நான் எந்த மெஷினையும் ஓட விடமாட்டேன்.

அன்புடன்,
அத்தான்