சந்தனப் பொட்டு வைத்த சர்வர்

சனி. ஆயுத பூஜை கழிந்து மூன்றாம் நாள்.

கோபம் இன்னும் அடங்கவில்லை. காலையில் கம்பெனி சர்வரை அப்கிரேடு செய்தேன். நெட்வொர்க் செட்டிங் மொத்தமும் போய்விட்டது. சர்வருக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர்போல ஓடும் ஐந்து விர்ச்சுவல் மெஷினும் யாருக்கும் கிடைக்கவில்லை. பில் போட முடியாமல் வில்லியனூர் ரோட்டில் லாரிகள் நின்றன.

நெட்வொர்க்கில் திரும்பப் போட வேண்டிய ஐ.பி. எண்களையெல்லாம் முன்பே ஒரு தாளில் எழுதி சர்வர் மேலேயே ஒட்டியிருந்தேன். போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் சந்தனப் பொட்டு.

“பூசைக்குத் தொடச்சேன்பா. அழுக்குக் காயிதம், கிழிச்சிட்டேன். இப்போ இன்னா?” என்றார் ஸ்டோர் பார்க்கும் ஏழுமலை அண்ணன்.

எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டேன். ஒவ்வொரு எண்ணாகக் கண்டுபிடித்துப் போட்டு முடிக்கச் சாயங்காலம் ஆனது.

“இன்னொரு காப்பி வெச்சிருக்கக் கூடாதாப்பா?” என்றார் கிளம்பும்போது.

வைத்திருந்தேன். அதே சர்வருக்குள், நெட்வொர்க் இருந்தால் மட்டுமே திறக்கும் இடத்தில். அதை அவரிடம் சொல்லவில்லை.