நான் ஏறினால் விக்குகிற வண்டி

தளி
17-11-1957

அன்பு மகள் சம்பங்கிக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் அந்த நாக்பூரில் வேளைக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் அண்டாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே பனி தொடங்கிவிட்டது, காலை எட்டு மணிக்கும் எதிரே வருகிற ஆள் தெரிவதில்லை. கோஸ் நன்றாகத் திரண்டிருக்கிறது. சிவப்பு மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு நஞ்சம்மா மகளுக்குத் தை மாதம் கல்யாணம். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டிருந்தாய், அதைச் சொல்லத்தான் இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன், முழுதாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று.

சித்திரையில் அப்பா கிருஷ்ணகிரி புரோக்கரிடம் வாங்கினாரே அந்தப் பழைய பிக்கப், அது வந்த நாள் முதலே விக்கும். சீராக ஓடிக்கொண்டிருக்கிற இஞ்சின் திடீரென்று ஒரு துடிப்பை விழுங்கிவிடும், வண்டி உலுக்கும், மறுபடி ஓடும், சில நாள் நாலைந்து தடவை விழுங்கி நின்றே போகும். ஓசூரில் பட்டறை வைத்திருக்கிற ராமப்பன் இதற்குப் பெயர் மிஸ்ஸிங் என்றார். பிளக்கெல்லாம் மாற்றினார், பாயிண்ட்டைத் தேய்த்தார், இஞ்சினுக்கு நெருப்பு கொடுக்கிற காயிலைப் புதிதாகப் போட்டார், பெட்ரோல் டேங்கைக் கழற்றி அலசினார். பிறகு தனியாக எடுத்துக்கொண்டு பாகலூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்தால் ஒரு தும்மல் இல்லை. அப்பா தனியாக ஓட்டினாலும் இல்லை. மூட்டை ஏற்றுகிற ஆட்கள் எப்போதும் பின்னால்தான் நிற்பார்கள், முன்னால் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் நான் ஒருத்திதான். நான் உட்கார்ந்தால் ஏரிக்கரை தாண்டுவதற்குள் விக்கும்.

முதலில் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மூட்டை ஏற்றுகிறவர்கள் கவனித்துவிட்டார்கள், ஊருக்குள் பேச்சு பரவியது. நஞ்சம்மாதான் வீட்டுக்கு வந்து என் முகத்துக்கு நேராகவே சொன்னாள், "அந்த எடத்துல ஏற்கெனவே ஒருத்தி குந்திக்கினு இருக்கா அக்கா, அதான் உன்ன ஏத்துக்க மாட்டேங்குது." நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த இருக்கையில் கையை வைத்தால் எனக்கு வேறு மாதிரி இருந்தது சம்பங்கி. அதன் இடது ஓரம் மட்டும் கொஞ்சம் அமுங்கி இருக்கும், யாரோ நெடுநாள் கதவோடு ஒண்டி உட்கார்ந்த மாதிரி. நானும் என்னை அறியாமல் அந்தப் பள்ளத்திலேயே போய் உட்காருவேன். நஞ்சம்மா மகளுக்குத் தட்டு மாற்றிய அன்று தெருவில் எல்லாப் பெண்களையும் கூப்பிட்டார்கள், என்னைக் கூப்பிடவில்லை. நான் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டேன். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் என்னை வண்டியில் ஏற்றி, விக்க விக்க ஓசூருக்கே கொண்டு போய் நிறுத்தினார்.

ராமப்பன் என்னை உட்கார வைத்து அவரே ஓட்டினார். பட்டறை வாசல் தாண்டவில்லை, விக்கியது. அவரும் என் முகத்தைப் பார்த்தார், நான் இறங்கி ஓரமாக நின்றுகொண்டேன், கண்ணில் தண்ணீர் முட்டியது. அவர் பின்னாலிருந்து ஒரு கோஸ் மூட்டையைத் தூக்கி நான் உட்கார்ந்த இடத்திலேயே வைத்துவிட்டு மறுபடி ஓட்டிப்போனார். போகும்போதே கேட்டது, அதே விக்கல். திரும்பி வந்து, "அம்மா, கோஸுக்கும் பேய் புடிச்சிருக்குது" என்றார். எனக்கு உயிர் வந்தது.

பிறகு இருக்கையைக் கழற்றினார். அடியில் கறுப்பாக ஒரு ஒயர் ஓடியது. காயிலிலிருந்து வருகிற ஒயரோடு யாரோ மறைவாக முடிந்து, தரைத் தகட்டுக்கு அடியில் கொண்டு வந்து, இருக்கையின் இடது ஓரத்தில் ஒரு சின்னப் பித்தானில் சேர்த்திருந்தார்கள். இருக்கையின் சுருள் கம்பி அந்த ஒயரின் மேல்தோலை அறுத்துவிட்டிருக்கிறது, யாராவது உட்கார்ந்து வண்டி குலுங்கினால் கம்பி செம்பைத் தொடும், இஞ்சினுக்கு நெருப்பு போகாது, அதுதான் விக்கல். இஞ்சினை ஓடவிட்டு அந்தப் பித்தானை அமுக்கிக் காட்டினார். சட்டென்று அடங்கிப்போனது. அப்பா, திருட்டுக்குப் பயந்து வைத்திருப்பார்கள் என்றார். ராமப்பன் இல்லை என்று தலையை ஆட்டினார். "திருட்டுக்குன்னா ஓட்றவன் கைக்கு எட்ற மாதிரி வச்சிருப்பான். இது பக்கத்துல குந்தறவங்க கைக்கு வச்சது. ஓட்றவனுக்குத் தெரியாம வண்டிய நிறுத்தறதுக்கு." நான் உட்கார்ந்த பள்ளத்துக்கு நேர் கீழேதான் அந்தப் பித்தான் இருந்தது. ஒயரைப் பிடுங்கிப் போடச் சொன்னார் அப்பா. அதற்குப் பிறகு நான் உட்கார்ந்தும் வண்டி விக்கவில்லை. நஞ்சம்மாவைக் கூப்பிட்டு அப்பாவே சொன்னார், அவளும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், அதை விடு.

ஆனால் யார் வைத்தார்கள் என்று தெரியாமல் எனக்கு மனசு ஆறவில்லை. வண்டிக் காகிதத்தில் பழைய சொந்தக்காரர் ஆஞ்சப்பன், மத்தூர் என்று இருந்தது. போன வாரம் மத்தூர்ச் சந்தைக்குக் கோஸ் கொண்டு போனபோது விசாரித்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனோம். வண்டிச் சத்தம் கேட்டே ஒரு பெண் வெளியே வந்துவிட்டாள், பாப்பம்மா என்று பெயர், அவருடைய சம்சாரம். எங்களைப் பார்க்கவில்லை, நான் உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இறங்கி, பித்தானைப் பற்றிக் கேட்டேன். மறைக்காமல் சொன்னாள். அவள் புருஷனுக்கு ஒரு வகை வலிப்பாம். விழமாட்டார், நுரை தள்ளாது, கண் திறந்தபடியே பார்வை குத்திட்டு நிற்கும், கை ஸ்டியரிங்கை விடாது, ஆள் மட்டும் அங்கே இருக்கமாட்டார். கொஞ்ச நேரத்தில் தெளிந்தால் ஒன்றும் தெரியாது, சொன்னால் நம்பமாட்டார், அடிக்க வருவார். வண்டி ஓட்டுவதையும் விடமாட்டேன் என்றார். அதனால் இவள் ஒரு மெக்கானிக்கைக் கெஞ்சி அந்தப் பித்தானை வைத்துக்கொண்டு, எங்கே போனாலும் கூடவே ஏறிக்கொள்வாளாம். பார்வை நிற்கும்போதெல்லாம் அமுக்குவாள், வண்டி நின்றுவிடும். அவர் தெளிந்து, மறுபடி மிஸ்ஸிங் என்று திட்டிக்கொண்டே இறங்கிப் பார்ப்பாராம். இரண்டு வருஷம் இப்படியே பட்டறை பட்டறையாக அலைந்திருக்கிறார். ஒருநாள் இவளுக்குக் காய்ச்சல், போகவில்லை. கல்லாவி போகிற வழியில் வண்டி ஏரிக்கரையை விட்டு இறங்கிவிட்டது. அவர் வெளியே விழுந்து தலை கல்லில் மோதி, அங்கேயே உயிர் போயிருக்கிறது. ஆட்கள் ஓடிப் பார்த்தபோது பின் சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டே இருந்ததாம்.

பாப்பம்மா அழவில்லை. என்னைப் பார்த்து, "நான் இல்லாத அன்னிக்குத்தான் அது ஒரு மிஸ்ஸிங்கும் இல்லாம ஓடிச்சுங்க" என்றாள். அப்புறம் ஒயரை எடுத்துவிட்டீர்களா என்று கேட்டாள். எடுத்துவிட்டோம் என்றேன். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும்போது இஞ்சின் அவ்வளவு சுத்தமாக ஓடியது. அந்தச் சுத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. ரோட்டைப் பார்க்காமல் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன், அவர் இமைக்கிறாரா, எப்போது இமைப்பார் என்று. அவரும் கவனித்திருக்கிறார். சூளகிரி தாண்டி ஓரமாக நிறுத்தினார். அப்புறம் சொன்னார், "ராமப்பன்கிட்டச் சொல்லி அந்த ஒயர நல்லதா மறுபடி போடச் சொல்றேன். உன் கைக்கு எட்ற எடத்துலயே இருக்கட்டும்." ஒரு தடவை பிடுங்கிப் போடச் சொன்னதை மறுபடி போடச் சொல்கிற ஆள் இல்லை உன் அப்பா. வியாழக்கிழமை போட்டாகிவிட்டது.

அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. ஆனால் நீ தினமும் நோயாளிகளைப் பார்க்கிறவள், கண் திறந்தபடி வருகிற அந்த வலிப்புக்கு மருந்து உண்டா, எந்த வயதில் வரும், முன்னாலேயே தெரியுமா என்று எழுது. அப்பாவும் படிப்பார், அதனால் நிதானமாக எழுது. ராத்திரி டியூட்டிக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு போ. நீ தொட்டுப் பார்க்கிறவர்கள் எல்லாம் தேறி எழுந்து வீட்டுக்குப் போகட்டும், உனக்கும் நல்லபடியாக எல்லாம் அமையட்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். பதில் போடத் தாமதிக்காதே.

உன் அம்மா
செல்வம்மாள் தீர்த்தகிரி